வெள்ளை மாளிகையின் தலைவியர்

1787-ஆம் ஆண்டில் வரையப்பெற்ற அமெரிக்க அரசியற் சட்டம் குடியரசுத் தலைவரின் கடமைகளை வகுத்துரைக்கின்றது. அவர்தம் மனைவியைப் பற்றி ஒரு சொல்லேனும் அதில் இல்லை. பதவி இல்லை, ஊதியம் இல்லை, மக்கள் அளித்த வாக்கும் இல்லை. ஆயினும், 'முதற் பெண்மணி' எனப்படும் அவ்வம்மையாரின் சொல்லுக்கு நாளடைவில் பெருமதிப்பு உண்டாயிற்று. அஃது எவ்வாறு?

தொடக்கத்தில் விருந்தோம்பலே அவர்தம் கடமையாகக் கருதப்பட்டது. 1800-ஆம் ஆண்டு வெள்ளை மாளிகையிற் குடிபுகுந்த முதல் துணைவியார் அபிகெயில் ஆடம்ஸ். கட்டி முடியாதிருந்த கிழக்குக் கூடத்தில் அவர் துணி உலர்த்தினார். புதிய சட்டங்கள் இயற்றுங்கால் பெண்களை மறவற்க என்று 1776-லேயே கணவர்க்குக் கடிதம் எழுதியவரும் அவரே. ஆனால், பெண் என்பதற்காக வாக்குரிமை மறுத்தலாகாது என்னும் சட்டத் திருத்தம் 1920-இல்தான் நிறைவேறிற்று.

1919 அக்டோபரில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பக்கவாதத்தால் வீழ்ந்தார். எந்தச் செய்தி அவரிடம் செல்லலாம், எது செல்லலாகாது என்பதைத் துணைவியார் எடித் அம்மையாரே முடிவு செய்தார். நோயின் கடுமையை மக்கள் அறியார். கணவரைக் காக்கும் அன்பே அதற்குக் காரணம் எனலாம். எனினும், மறைவில் நின்று செலுத்தும் அதிகாரம் குடியாட்சிக்கு ஏற்றதன்று.

எலினார் ரூசவெல்ட் அம்மையாரோ வெளிப்படையாகச் செயலாற்றினார். 1933 முதல் பெண் செய்தியாளர்களை மட்டும் அழைத்துப் பேசினார். அதனால் பத்திரிகைகள் பெண்களைப் பணியில் வைத்துக்கொள்ள நேர்ந்தது. 1939-இல், கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தன் அரங்கத்தை மறுத்த மகளிர் சங்கத்திலிருந்து விலகினார். அவ்வாண்டு ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகத்தின் முன் ஆண்டர்சன் பாட, ஏறத்தாழ 75,000 பேர் கேட்டு மகிழ்ந்தனர். கணவர் மறைந்த பின்னர், எலினார் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். 1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறிற்று.

1993-இல் ஹிலாரி கிளிண்டன் அம்மையார் மருத்துவ நலத் திட்டம் வகுக்கும் பொறுப்பேற்றபோது, "இவரை யார் தேர்ந்தெடுத்தனர்?" என்ற வினா எழுந்தது. மறு ஆண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது. 2000-இல் அவர் மக்களிடமே வாக்குக் கேட்டுச் செனட் சபை உறுப்பினரானார்.

மாணவர்களே, உறவினால் வரும் செல்வாக்கை எந்தச் சட்டத்தாலும் முற்றும் தடுத்தல் அரிது. அது மறைவில் இயங்குகின்றதா, மக்கள் முன் நின்று விடை கூறுகின்றதா என்று நோக்குங்கள். அந்நோக்கே குடியாட்சிக்குக் காவல்.