மூன்று மாடிக்கு ஒரு லிஃப்ட்

அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரில் 1954 இல் மக்கள் குடியேறத் தொடங்கிய புரூயிட்-ஐகோ தொடர்மாடிக் குடியிருப்பில் 33 கட்டடங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 11 மாடி; மொத்தம் 2,870 வீடுகள். வரைந்தவர் மினோரு யமசாகி. நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்களும் பின்னாளில் அவர் கைவண்ணமே.

செலவைக் குறைப்பதற்காக லிஃப்ட் 1, 4, 7, 10 ஆம் மாடிகளில் மட்டுமே நின்றது. மற்ற மாடிக்காரர் அங்கே இறங்கி, படியேறியோ படியிறங்கியோ வீட்டுக்குப் போகவேண்டும். லிஃப்ட் நின்ற மாடிகளில் நீண்ட நடைகூடங்கள். பிள்ளைகள் விளையாடவும் அயலவர் கூடிக் கதைக்கவும் என்று திட்டமிடப்பட்டவை. கட்டடக்கலைச் சஞ்சிகைகள் மெச்சியவை. சில ஆண்டுகளில் பெண்கள் தனியே கடக்க அஞ்சிய இடங்கள் அவைதாம். மின்குமிழ்கள் உடைந்திருக்கும், படிக்கட்டில் மூத்திர நாற்றம். லண்டன் கவுன்சில் தொடர்மாடிகளில் வளர்ந்த நம்மவர் சிலருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்நகரில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒஸ்கார் நியூமன் ஒரு விடயத்தைக் கவனித்தார். இரண்டு குடும்பங்கள் மட்டும் பங்கிட்ட படிமுகப்பு துப்புரவாக இருந்தது. இருபது குடும்பங்களின் நடைகூடம் எவருடையதுமாக இல்லை. தெருவுக்கு எதிரே, அதேபோன்ற ஏழைகள் வாழ்ந்த உயரம் குறைந்த கார் ஸ்குவெயார் குடியிருப்பில் இந்தக் கேடு இல்லை. 1972 இல் வந்த அவருடைய நூல், அச்சத்துக்கும் கட்டட அமைப்புக்கும் உள்ள தொடர்பை உலகெங்கும் பேசவைத்தது. பிரித்தானியாவில் அலிஸ் கோல்மன் 1985 இல் அதை இன்னும் தூக்கிப் பிடித்தார், மேல்நடைபாதைகள் இடிக்கப்பட்டன. தட்சர் அம்மையாருக்கு அந்த விளக்கம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. குற்றவாளி கொங்கிறீட் என்றால் வறுமையைப் பற்றிப் பேசவேண்டியதில்லை அல்லவா?

நியூமன் கண்டது பொய்யல்ல. ஆனால் பாதிக்கதை. பராமரிப்புச் செலவைக் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே எடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நகரத்தின் வெள்ளையரும் வேலைகளும் புறநகருக்குப் போக, வீடுகள் வெறுமையாகின. வருமானம் குறையக் குறைய லிஃப்டும் குழாய்களும் திருத்தப்படாமல் கிடந்தன. வாடகை மட்டும் ஏறியது. 1969 இல் குடியிருப்போர் வாடகை கொடுக்க மறுத்து மாதக்கணக்கில் போராடினார்கள். பொது வீடமைப்பில் வாடகை வருமானத்தின் கால்பங்கைத் தாண்டக்கூடாது என்ற சட்டம் அதே ஆண்டில் வந்தது. 1972 இல் முதற்கட்டடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1976 இல் ஒன்றும் மிஞ்சவில்லை.