ஒரே வாக்குச்சீட்டில் இரு விடைகள்: கருக்கலைப்பு குறித்த மத நம்பிக்கையும் மிசூரி வாக்காளரும்

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநில வாக்காளர்கள் பெற்ற வாக்குச்சீட்டில் அதிபர் வேட்பாளர்களின் பெயர்களோடு, ‘மூன்றாம் திருத்தம்’ என்ற தலைப்பில் ஒரு கேள்வியும் இருந்தது. கரு தாயின் உடலுக்கு வெளியே பிழைக்கக்கூடிய நிலையை எட்டும்வரை கருக்கலைப்பு செய்துகொள்ளும் உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கலாமா என்பதே அது. குடியரசுக் கட்சியின் டொனால்டு டிரம்புக்கு 58 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கிடைத்தது. திருத்தத்துக்கு ஏறத்தாழ 52 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் நூறுக்கு மேல் பத்து மிஞ்சுகிறது. மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும், வாக்களித்த பத்துப் பேரில் ஒருவர் டிரம்பையும் கருக்கலைப்பு உரிமையையும் ஒருசேர ஆதரித்திருக்கிறார். உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

மிசூரி ஏதோ சமயப் பற்றில்லாத மாநிலம் அல்ல. 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த சில நிமிடங்களிலேயே இங்கே தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் அதில் விலக்கு இல்லை. 2019இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின் வாசகமே, உயிரைப் படைத்தவர் எல்லாம் வல்ல கடவுள் என்று குறிப்பிட்டது. இது அரசையும் மதத்தையும் பிரிக்கும் விதிக்கு முரணானது என்று கிறித்தவப் போதகர்களும் யூத ரபிகளும் சேர்ந்து 2023இல் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டில் வழக்கு தள்ளுபடியானது. ஆக, கடவுளின் பெயரால் தடை கேட்டவர்களும் கடவுளை நம்பிக்கொண்டே தடையை எதிர்த்தவர்களும் அந்த மாநிலத்தில் இருந்தார்கள்.

கருக்கலைப்பு பாவம் என்று நம்புகிறவர் அதைத் தடைசெய்யும் கட்சிக்கு வாக்களிக்கிறார் என்பதே பொதுவான விளக்கம். நம்பிக்கை முதலில், வாக்கு பிறகு என்ற இந்த வரிசை பாதிதான் சரி. நம்பிக்கை கட்சி அடையாளத்தோடு பிணைந்த பிறகே அது அசையாத வாக்குத் திரளாகிறது. அந்தப் பிணைப்பை அவிழ்த்துக் கேள்வியை மட்டும் தனியே வைத்தால் திரள் கலைகிறது என்பது என் வாதம்.

பிணைப்பு எப்போது உண்டானது என்பதைக் காண மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரமே போதும். நாட்டின் மிகப் பெரிய புரட்டஸ்தாந்து அமைப்பான தென் பாப்டிஸ்ட் மாநாடு 1971இல் இங்கே கூடியபோது, பாலியல் வன்முறை, முறைகேடான உறவு, கருவின் கடுமையான குறைபாடு ஆகியவற்றோடு தாயின் மனநலம், உடல்நலம் கெடும் சூழலிலும் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்காக உழைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 1980இல் அதே நகரில் கூடியபோது, தாயின் உயிரைக் காக்கும் தேவை தவிர வேறெதற்கும் இடம் தராத அரசமைப்புத் திருத்தத்தை ஆதரித்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் விவிலியத்தில் ஒரு வசனமும் கூடவில்லை, குறையவில்லை. மாறியது அரசியல். 1979இல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற கிறித்தவப் பழமைவாத அரசியல் அமைப்பைத் தொடங்கினார். கலிஃபோர்னியா ஆளுநராக 1967இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்ட ரொனால்டு ரேகன், 1980இல் கருக்கலைப்பு எதிர்ப்பாளராகக் குடியரசுக் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நின்றார்.

அறிஞர்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. கிரெக் ஆடம்ஸ் 1997இல் வெளியிட்ட ஆய்வில், நாடாளுமன்ற உறுப்பினர்கள் முதலில் கட்சிவாரியாகப் பிரிந்தார்கள், பொதுமக்கள் பின்னரே மெதுவாகத் தொடர்ந்தார்கள் என்று காட்டினார். மிஷேல் மார்கோலிஸ் 2018இல் எழுதிய நூல் ஒரு படி மேலே போய், கட்சிச் சார்பே ஒருவர் கோயிலுக்குப் போவதையும் போகாததையும் பாதிக்கிறது என்கிறது. ஆனால் மிட்செல் கிலியனும் கிளைட் வில்காக்ஸும் 2008இல், கருக்கலைப்பை எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர் காலப்போக்கில் குடியரசுக் கட்சிக்கு நகரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டார்கள். இந்தக் கடைசி முடிவை ஒதுக்கிவிட முடியாது; சிலரையாவது நம்பிக்கை உண்மையிலேயே கட்சி மாற வைத்திருக்கிறது. ஆனால் மாறி வந்தவர்களைவிட, கட்சியோடு சேர்த்தே நம்பிக்கையையும் வீட்டில் பெற்றுக்கொண்ட அவர்களின் பிள்ளைகளின் தலைமுறைதான் இன்றைய வாக்காளர்.

கத்தோலிக்கர் கதை வேறு. அவர்களுடைய போதனை பழையது, தெளிவானது. 2004இல் செயின்ட் லூயிஸ் பேராயர் ரேமண்ட் பர்க், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த கத்தோலிக்கரான ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரிக்கு நற்கருணை தரமாட்டேன் என்று அறிவித்தார். அதே ஆண்டில் வத்திக்கானில் இருந்து கர்தினால் ராட்சிங்கர் அமெரிக்க ஆயர்களுக்கு அனுப்பிய குறிப்பு நுணுக்கமானது. கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே ஒருவருக்கு வாக்களிப்பது பாவத்துக்கு உடன்படுவது. வேறு காரணங்களுக்காக, அந்தக் காரணங்கள் போதிய எடையுள்ளவையாக இருந்தால், வாக்களிக்கலாம். எடை போடும் வேலை வாக்காளரின் மனச்சான்றுக்கு விடப்பட்டது. நடைமுறையில் அந்தத் தராசு பெரும்பாலும் முன்பே சாய்ந்திருந்த கட்சிப் பக்கமே சாய்ந்தது.

பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி கத்தோலிக்கரில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் கருக்கலைப்பு எல்லா அல்லது பெரும்பாலான சூழல்களிலும் சட்டப்படி அனுமதிக்கப்பட வேண்டும் என்கிறார்கள். அதே கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் 2024இல் டிரம்புக்கு வாக்களித்தார்கள். வழிபாட்டில் வெள்ளையரைவிட ஈடுபாடு மிகுந்த கறுப்பினப் புரட்டஸ்தாந்தினரோ பெருவாரியாக ஜனநாயகக் கட்சியோடு நின்றார்கள். பக்தியின் அளவை வைத்து வாக்கை ஊகிக்க முயல்பவர் இங்கே தடுக்கி விழுவார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1954 முதல் வரிவிலக்குப் பெறும் திருச்சபைகள் வேட்பாளரைப் பெயர் சொல்லி ஆதரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. வாக்கெடுப்புக் கேள்விகளில் அத்தகைய தடை இல்லை. எனவே மூன்றாம் திருத்தத்தை மிசூரி ஆயர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். திருச்சபை எங்கே சுதந்திரமாக வாய் திறக்க முடிந்ததோ, கேள்வி எங்கே நேரடியாகப் போதனையைத் தொட்டதோ, அங்கேதான் அது தோற்றது. போதனையே வாக்கை ஆக்குகிறது என்றால் நிலைமை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

டிரம்பையும் திருத்தத்தையும் ஒருசேர ஆதரித்தவர்கள் பக்தியற்ற டிரம்ப் ஆதரவாளர்கள்தானே என்று கேட்கலாம். மொத்த எண்ணிக்கையிலிருந்து தனிமனிதரின் மனத்தைப் படிப்பது ஆபத்து என்பதால் இந்த மறுப்பு வலுவானதே. ஆனால் 2012 செனட் தேர்தல் இன்னொரு தடயம் தருகிறது. பாலியல் வன்முறையால் கருத்தரிப்பது அரிது என்ற பொருளில் பேசிய குடியரசுக் கட்சி வேட்பாளர் டாட் எய்கின் உறுதியான கருக்கலைப்பு எதிர்ப்பாளர். ஆனாலும் அதே கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னிக்கு 54 விழுக்காடு தந்த அதே மிசூரி எய்கினுக்கு 39 மட்டுமே கொடுத்தது. சமய நம்பிக்கையில் எய்கினோடு ஒத்துப்போன ஒரு பகுதியினர் விலகாமல் இவ்வளவு பெரிய இடைவெளி எழுவது கடினம்.

மறுதிசையிலிருந்தும் இதற்குச் சான்று உண்டு. 2024இல் குடியரசுக் கட்சி நாடு தழுவிய தடை என்ற பழைய கோரிக்கையைத் தன் கொள்கை அறிக்கையிலிருந்து நீக்கி, முடிவை மாநிலங்களுக்கு விட்டது. தடையை உயிர்ப் பிரச்சினையாகக் கருதுவோர் கோபித்துக்கொள்ள இது போதுமான காரணம். ஆனால் வெள்ளை இன சுவிசேஷ சபையாரில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர், 2016இலும் 2020இலும் போலவே, டிரம்புக்கே வாக்களித்தார்கள். கட்சி கொள்கையில் இறங்கி வந்தபோதும் வாக்கு நகரவில்லை.

கேள்வி தனித்து நின்றால் வாக்குத் திரள் கலையும் என்பதை மிசூரி சட்டமன்றம் ஆய்வாளர்களுக்கு முன்பே புரிந்துகொண்டதுபோல் தெரிகிறது. 2025 மே மாதத்தில், மூன்றாம் திருத்தத்தை நீக்கும் புதிய கேள்வியை 2026 வாக்குச்சீட்டில் வைக்க அது முடிவெடுத்தது. இம்முறை பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பன்னிரண்டு வாரம்வரை விலக்கு உண்டு. கூடவே, சிறார்களுக்குப் பாலின மாற்றச் சிகிச்சை அளிப்பதற்கான தடையும் அதே கேள்விக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. கருக்கலைப்பை மட்டும் தனித்த கேள்வியாக வாக்காளர் முன் மீண்டும் வைக்க அவர்கள் துணியவில்லை.