ஒரே மொழி, வேறு பாடவிதானம்: தமிழகத்தில் படித்து மலையகம் திரும்பும் மாணவரின் இடைநிலைக் கல்வி

மலையகத் தமிழர் பற்றிய ஆய்வுகளில் 'திரும்பிச் செல்லல்' என்றாலே இந்தியாவுக்குப் போவது என்றுதான் பொருள்கொள்ளப்படுகிறது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. எதிர்த்திசைப் பயணம் இவ்வளவு பேசப்படவில்லை. 1977, 1983 வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு வன்னிக்குப் பெயர்ந்தவர்களில் பலர், அங்கும் போர் துரத்தவே படகேறித் தமிழக முகாம்களில் தஞ்சமடைந்தனர். முகாம்வாசிகளுள் ஏறத்தாழ 29,500 பேர் மலையக வம்சாவளியினர் என்ற கணக்கு நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகிறது. 2009க்குப் பின் நாடு திரும்பியோரில் பெரும்பாலானோர் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கே சென்றனர். சிலர் உறவினரை நம்பித் தோட்டப்புறத்துக்கு வந்தனர். அவர்களோடு வந்த, தமிழகப் பள்ளிகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளே இக்கட்டுரையின் பொருள்.

இப்பிள்ளைகள் மேல்வகுப்புகளில் தடுமாறுவதற்கு அறிவுக்குறைவு காரணமன்று. அங்கும் தமிழ்மொழிமூலம், இங்கும் தமிழ்மொழிமூலம். ஆகவே இணைப்புக் கல்வி எதற்கு என்று பாடசாலை எண்ணிவிடுவதே முதற்காரணம் என்பது என் வாதம். ஆங்கிலத்திலோ அரபியிலோ படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு உதவி தேவை என்பது எவருக்கும் தெரியும். தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை பிழை விட்டால் அது அவனுடைய குறையாகவே எழுதப்படுகிறது.

விஞ்ஞானப் பாடத்தில் ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். 400 மீற்றர் வட்ட ஓடுபாதையை 80 செக்கனில் ஒரு சுற்று ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த ஒருத்தியின் சராசரி வேகம் யாது? இலங்கைப் பாடநூலில் 'கதி' என்பது தூரத்தைக் கொண்டு கணிப்பது. 'வேகம்' இடப்பெயர்ச்சியைக் கொண்டு கணிப்பது. இடப்பெயர்ச்சி பூச்சியம் என்பதால் விடையும் பூச்சியம். தமிழகப் பாடநூலிலோ தூரத்தைக் கொண்டு கணிப்பதுதான் 'வேகம்', மற்றது 'திசைவேகம்'. அங்கே படித்தவள் செக்கனுக்கு 5 மீற்றர் என்று எழுதுவாள். அவள் படித்தபடி அது சரியான விடை. இங்கே புள்ளியில்லை. முற்றிலும் அறியாத சொல் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்வாள். அறிந்த சொல்லே வேறு பொருளில் நிற்கும்போது கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றாது. இதனால் ஆசிரியரின் கண்ணுக்கும் பிரச்சினை படுவதில்லை.

மற்றவை இதைவிட இலகுவானவை. முடுக்கம் இங்கே ஆர்முடுகல், வேதியியல் இரசாயனவியல், இயற்கணிதம் அட்சரகணிதம், வடிவியல் கேத்திரகணிதம், கணம் தொடை, கார்பன் டை ஆக்சைடு காபனீரொட்சைட்டு. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட காலம் தொட்டு இலங்கைக்கென ஒரு வழக்கு நிலைபெற்றது. தமிழகம் தன் வழியே போனது. எந்த வழக்கு சிறந்தது என்ற பழைய சண்டையில் எனக்கு அக்கறையில்லை. தரம் 10 மாணவிக்கு இரண்டும் அருகருகே அச்சிட்ட நான்கைந்து பக்கம் கையில் கிடைத்தால் போதும்.

சொற்களுக்கு அப்பால் பாடங்களின் அமைப்பே வேறு. தமிழகத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பாடங்கள் ஐந்து: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஒன்பது. சமயமும் வரலாறும் கட்டாயப் பாடங்கள். அவற்றோடு மூன்று தொகுதிகளிலிருந்து மூன்று பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டும். சைவநெறியை வீட்டுப் பழக்கத்தால் ஓரளவு சமாளிக்கலாம். வரலாறு அப்படியன்று. பண்டுகாபயனையும் துட்டகைமுனுவையும் கேள்விப்பட்டிராத பிள்ளை, சகமாணவர் தரம் 6இலிருந்து படித்துவந்ததை ஒன்றரை ஆண்டில் படிக்க வேண்டும். தெரிந்த இடமும் புரண்டு கிடக்கும்: அங்கே கடல் கடந்து வென்ற பேரரசனாகப் படித்த இராசேந்திர சோழன், இங்கே முதலாம் விஜயபாகு முறியடித்த அந்நிய ஆட்சியின் பக்கத்தில் நிற்கிறான். நல்ல ஆசிரியர் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் கிடைக்காது. அதற்கு நேரம் கிடைப்பதுதான் அரிது.

வகுப்பில் சேர்க்கும் வேளையிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. தமிழகக் கல்வியாண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிவது. இலங்கையில் வழமையாக ஜனவரியில் தொடங்குவது. ஒன்பதாம் வகுப்பை முடித்துக்கொண்டு மே மாதத்தில் வருபவளை, இரண்டாம் தவணை தொடங்கிய தரம் 9இல் மீண்டும் உட்கார வைப்பதா, ஒரு தவணை கழிந்துவிட்ட தரம் 10இல் சேர்ப்பதா? 'வரலாறு தெரியாது, ஒரு வகுப்பு இறக்குவோம்' என்று முடிவெடுப்பது சுலபம். கணிதத்தில் அவள் முன்னே நிற்கக்கூடும் என்பதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஒரு பாடத்தின் இடைவெளிக்காக எல்லாப் பாடங்களையும் திரும்பப் படிக்க வைப்பது வைத்தியமன்று, தண்டனை. வறிய குடும்பத்தில் அந்த ஓர் ஆண்டு பெரிது. பதினாறு வயதில் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் பிள்ளைகள் போய்விடும் சூழலில், வயதில் மூத்தவளாக வகுப்பில் இருக்கும் பெண் இடைவிலகுவதற்கே வாய்ப்பு அதிகம்.

வகுப்பறைக்கு வெளியிலும் தடைகள் உண்டு. பரீட்சைக்கு அமர அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்பையும் குடியுரிமையையும் நிறுவும் ஆவணங்கள் வேண்டும். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி பதிவு தேவை. பாட்டனை நாடற்றவனாக்கிய அதே சட்டத்தின் கீழ்தான் பேத்தி விண்ணப்பிக்கிறாள். தமிழகப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் பெயர் தந்தையின் பெயரின் முதலெழுத்தோடு இருக்கும். இலங்கை ஆவணத்தில் தந்தையின் முழுப்பெயர் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே நாட்கள் கழிகின்றன. வீடு தோட்டத் தொழிலோடு பிணைக்கப்பட்டிருப்பதால் திரும்பியவர்களுக்கெனத் தனி வீடு இராது. உறவினரின் லயன் காம்பிராவில் இரு குடும்பங்கள் ஒண்டியிருக்க, பிள்ளைக்குப் படிக்க மூலை கிடைப்பதும் பாடுதான்.

எதிர்வாதம் ஒன்றுண்டு. ஆசிரியர் பற்றாக்குறையில், அதிலும் கணித, விஞ்ஞானப் பாடங்களில் தவிக்கும் தோட்டப் பாடசாலை, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்காகத் தனி ஏற்பாடு செய்ய முடியுமா என்று அதிபர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தொகை சிறிது என்பதே இதை எளிதாக்குகிறது. முகாம்களில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் மாலை வகுப்புகளை நடத்தியது அகதிகளிடையே இருந்த படித்த இளைஞர்களைக் கொண்டுதான். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர்களுக்குக் கற்பித்தற் பயிற்சி எப்படியும் உண்டு. அதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். சிங்களத்தை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம் என்பேன். இரண்டாம் மொழி சாதாரண தரத்தில் கட்டாயமில்லை. ஹட்டன் பஸ் நிலையமும் கடைவீதியும் அதைப் பாதி கற்பித்துவிடும்.

நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. திரும்பிவரும் பிள்ளையை வகுப்பில் சேர்க்குமுன் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் இரு நாட்டுக் கலைச்சொற்களிலும் வினா எழுதிய ஒரு தேர்வு, வரலாற்றுக்கு ஒரு தவணை மாலை வகுப்பு, ஆவணங்களுக்குப் பொறுப்பான ஓர் உத்தியோகத்தர்: இம்மூன்றையும் வலயக் கல்விப் பணிமனைகள் தம் மட்டத்திலேயே தொடங்க முடியும். கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை அவை காத்திருக்கக் கூடாது.