பேயுருவில் விளங்கிய பெண்மை

சோழர் காலச் சிற்பிகள் வார்த்த உமையம்மையின் செப்புத் திருமேனிகளைக் கண்டோர், தமிழர் போற்றிய பெண்ணெழில் இதுவெனத் துணிவர். துவளும் இடையும் நிறைந்த மார்பும் அணிகலன்களும் அவற்றின் இலக்கணம். ஆயின், அச்சோழர் காலத்துக் கலைஞரே வேறொரு பெண்ணுருவையும் வார்த்துள்ளனர். வற்றிய மார்பு, எலும்பெழுந்த உடல், கையில் தாளம், முகத்தில் பாடுவோரின் களிப்பு! அவரே காரைக்காலம்மையார்.

இவ்வுருவத்தை முதன்முதல் தீட்டியவர் யார்? சேக்கிழார் என்பர் பலர். பெரியபுராணத்தில் வரும் மாங்கனி வரலாற்றை அறியாதார் இலர். மனைவியின் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிய பரமதத்தன், பாண்டி நாடு சென்று வேறொருத்தியை மணந்தான். தேடி வந்த புனிதவதியாரின் காலில் விழுந்தான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டா என அம்மையார் தசையுதறிப் பேயுருக் கொண்டார் என்பது அந்நூல் கூறும் வரலாறு.

பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டினது. முதலாம் இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலிலேயே, ஆடவல்லான் காலடியில் தாளமிடும் அம்மையாரைக் காண்கிறோம். கம்போசத்தில் 967இல் நிறுவப்பெற்ற பந்தியாய் சிரே கோயிலிலும், ஆடும் சிவன் அருகே மெலிந்த பெண்ணுருவொன்று உண்டு. அதுவும் அம்மையாரே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அவர்களுக்கும் முன்னரே சுந்தரர் அவரைப் 'பேயார்' என்றே குறித்தார்.

எனவே, சிற்பிகளுக்கு மூலம் சேக்கிழார் வாக்கன்று. அம்மையாரின் வாக்கும் அதன்வழி வந்த மரபுமே எனலாம். ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வற்றிய மார்பும் குழிந்த கண்ணும் உடைய பெண்பேயைப் பாடினார். தம்மையும் காரைக்காற்பேய் என்றே கூறிக்கொண்டார். ஒரு பெண் தன் உருவைத் தானே சொல்லால் வரைந்தாள். ஆடவர் உளி அதற்குப் பணிந்தது.

இதன் அருமையை ஆப்பிரிக்கக் கலையோடு ஒப்பிட்டும் உணரலாம். நைசீரியா, பெனின் நாடுகளில் வாழும் யோருபா மக்கள், 'கெலெடெ' என்னும் முகமூடிக் கூத்தால் முதுபெண்டிரின் ஆற்றலை வணங்குவர். அழகன்று, முதுமையின் வலிமையே ஆண்டுப் போற்றப்படுவது. அவ்வாற்றலுக்கு அஞ்சியும் வணங்குவர். பரமதத்தன் வணக்கமும் அத்தகையதே. ஆயின் முகமூடியைச் செதுக்குவோரும் அணிந்து ஆடுவோரும் ஆடவர். நம் அம்மையாரோ தம் உருவைத் தாமே மொழிந்தவர்.

வகுப்பில் மாங்கனிக் கதையோடு பாடம் முடிந்துவிடின், மாணவியர் நெஞ்சில் எஞ்சுவது கணவனால் கைவிடப்பட்ட ஒருத்தியின் துயரமே. தமிழாசிரியர்கள் அச்செப்புத் திருமேனியின் படத்தையும் உடன்காட்டுதல் வேண்டும். பிறர் கண்ணுக்காக அன்றித் தன் பாட்டுக்காக வாழ்ந்த பெண்ணை அவர்கள் அங்கே காண்பர். இறைவன் 'அம்மையே' என அழைத்ததும் அவ்வுருவையன்றோ!