ஸ்டேக் விடுதியும் பாலாற்றுத் தோல் வட்டாரமும்

மாட்டிறைச்சியின் தேர்ந்த துண்டுகளைத் தனித்தனியே நெருப்பில் வாட்டி, வெட்டுக்கும் எடைக்கும் ஏற்ப விலை வைத்துப் பரிமாறும் உணவகம் ஸ்டேக் விடுதி. மங்கிய வெளிச்சம், டிஜே இசை, நீண்ட மதுக்கூடம் ஆகியவற்றோடு இரவு விடுதியின் சாயலில் நடத்தப்படும் உயர்விலை வகை, 2000க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து பிற நாடுகளுக்குப் பரவியது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பகுதியில் அமைந்த தோல் வட்டாரத்தில் இந்த வகை வேரூன்றவில்லை. மாட்டுக்கறி உண்ணும் மக்கள் இங்கே பெருந்தொகையாக இருக்கிறார்கள். ஐரோப்பாவுக்குக் காலணியும் தோலும் அனுப்பி வந்த செல்வமும் இருக்கிறது. இருந்தும் கறி விருந்து என்றால் இங்கே விறகடுப்பில் தம் போட்ட பிரியாணிதான். இதை வெறும் பழக்கம் என்று சொல்லி விட்டுவிட முடியாது. சட்டம், மாட்டின் வயது, மது உரிமம், தசையில் உள்ள ஒரு புரதத்தின் குணம் ஆகியவை சேர்ந்து இந்த வட்டாரத்தின் விருந்தைத் தீர்மானித்திருக்கின்றன.

தோற்றம்

வாட்டிய மாட்டுக்கறியைச் சுற்றி ஆண்கள் கூடி உண்டு குடிக்கும் வழக்கம் லண்டனில் 18ஆம் நூற்றாண்டிலேயே சங்கமாக வடிவெடுத்தது. அங்கே 1735இல் ஒரு நாடக அரங்கில் தொடங்கிய பீஃப்ஸ்டேக் சங்கம் இவற்றில் பெயர் பெற்றது. நியூயார்க்கில் டெல்மோனிகோஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே ஸ்டேக்குக்குப் புகழ் பெற்றிருந்தது. புரூக்ளினில் 1887இல் தொடங்கிய பீட்டர் லூகர் இன்றும் நடக்கிறது. இவை சாப்பாட்டையே மையமாகக் கொண்ட இடங்கள்.

இரவு விடுதிச் சாயல் வந்ததற்கு நியூயார்க்கின் மீட்பேக்கிங் பகுதியைப் பார்க்க வேண்டும். 1900 வாக்கில் சுமார் 250 அறுப்புக் கூடங்களும் இறைச்சிக் கிடங்குகளும் இருந்த பேட்டை அது. குளிர்பதன வண்டிகளும் பெரிய அங்காடிகளும் வந்ததும் வியாபாரம் வேறிடம் போனது; காலியான கிடங்குகளில் நடன விடுதிகளும் துணிக்கடைகளும் ஏறின. எஸ்டிகே என்ற உணவகம் 2006இல் அங்கேதான் தொடங்கியது. உண்பவர் இருக்கைக்கும் ஆடுபவர் தளத்துக்கும் இடையிலிருந்த சுவரை எடுத்துவிட்டு, கறியை இரவுக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாக்கியது அந்த நிறுவனம். துருக்கியின் நுஸ்ரெத் கோக்சே 2010இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய கடை, 2017இல் அவர் முழங்கை வழியே உப்புத் தூவும் காணொளியால் உலகறிந்தது. பிறகு தங்கத்தாள் போர்த்திய ஸ்டேக்கும் வந்தது.

அறுப்புக் கூடங்கள் வெளியேறிய பிறகே மீட்பேக்கிங் பகுதியில் பகட்டான கறி விருந்து வந்தது. பாலாற்று வட்டாரத்தில் தோல் இன்னும் போய்விடவில்லை. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையிலும் ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களிலும் ஊறவைத்த தோலின் வாசம் காற்றில் இருக்கிறது. வாடையோடு பிழைப்பும் அங்கே இருக்கிறது. அந்த உழைப்பின் விலையை ஆறும் கொடுத்தது: பாலாற்றில் தோல் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28 ஆகஸ்ட் 1996இல் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளுள் ஒன்று.

மாட்டின் வயதும் கொலாஜனும்

மேலைநாட்டு ஸ்டேக் இளம் மாட்டின் கறி. தானியம் தின்று கொழுத்து, இரண்டு வயதை எட்டும் முன்னரோ எட்டிய சிறிது காலத்திலோ அறுக்கப்படும் காளைக்கன்று அது. ஏர் இழுக்காதது, வண்டி இழுக்காதது. அதன் தசையை ஐம்பத்தைந்து டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினாலே மெல்லக்கூடிய பதம் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட மாடு சட்டப்படி கசாப்புக்கு வராது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டையோ, காயத்தாலும் தீராத நோயாலும் நிரந்தரமாக முடங்கிய மாட்டையோ மட்டும் சான்றிதழ் பெற்று அறுக்க இடம் தருகிறது. எருமையும் இந்தச் சட்டத்துக்குள் அடக்கம். பசுவதைக்கு 1976இல் அரசாணை மூலம் தனியே தடை வந்தது. ஆகவே கடைக்கு வருவது பெரும்பாலும் உழைத்து முதிர்ந்த மாட்டின் கறி.

முதிர்ந்த தசையில் இழைகளைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் இறுகிக் கிடக்கும். வாட்டினால் அது சுருங்கிக் கறியை ரப்பராக்கும். நீரில், மெல்லிய தீயில், மணிக்கணக்காக வெந்தால்தான் குழைந்து ஜெலட்டினாகும். நல்ல குழம்பு ஆறியபின் உறைந்து நிற்பதும், பாயாவைத் தொட்ட விரல்கள் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். ஸ்டேக் செய்யும் அடுப்பு இந்தக் கறிக்கு உதவாது, பிரியாணி வேகும் பெரிய பாத்திரமான தேக்சா உதவும்.

தோலும் பெரும்பாலும் அதே கொலாஜன்தான். பச்சைத் தோலை நீரில் சூடாக்கினால் அறுபத்தைந்து டிகிரிக்குள் சுருண்டுவிடும். பதனிடுவது என்பதே அது சுருளாதபடி அந்த இழைகளுக்குள் பிணைப்பு ஏற்படுத்துவது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட பழைய முறையில் தாங்கும் வெப்பம் ஓரளவு கூடியது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் கொதிநீரையே தாங்கும். அதனால்தான் தோல் பதனிடும் கூடமான டேனரியில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். துண்டு சுருங்காமல் இருந்தால் பதம் சரி. இரண்டு தெரு தள்ளி, பிரியாணிக் கடையின் சமையல்காரர் கரண்டி நுனியால் கறித்துண்டை அழுத்திப் பார்க்கிறார். அது பிளந்து கொடுத்தால் பதம் சரி. கொலாஜன் கரையக்கூடாது என்று ஒருவரும் கரையவேண்டும் என்று மற்றவரும் பாடுபடுகிறார்கள். இருவர் அறிவும் ஒரே புரதத்தைப் பற்றியது. இந்த வட்டாரத்தின் உணவை எழுதுபவர்கள் ஆற்காடு நவாபுகளைப் பற்றி எழுதும் அளவுக்கு இதைப் பற்றி எழுதுவதில்லை. எழுத வேண்டியது இதுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

தேக்சா

ஆம்பூர் பிரியாணியின் மூலத்தை ஆற்காடு நவாபின் அடுக்களைக்குக் கொண்டுபோவது உள்ளூர் வழக்கு. ஆற்காடு நகரம் இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருப்பதால் அந்தக் கதைக்கு இங்கே மவுசு அதிகம். கடை வியாபாரமாக இதைத் தொடங்கியவர் ஹுசேன் பேக் என்றும் ஆண்டு 1890 என்றும் ஆம்பூரில் சொல்கிறார்கள்; ஸ்டார் பிரியாணிக் கடைகள் அவர் வழியினர் நடத்துபவை.

அரிசி சீரகச் சம்பா. பாசுமதியைப் போல் நீளாமல், குறுகிய மணியாக நின்று கறியின் சாற்றையும் கொழுப்பையும் தன்னுள் இழுத்துக்கொள்வது அதன் சிறப்பு. காரம் காய்ந்த மிளகாயிலிருந்து வருகிறது. மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, விதை குறைத்து, விழுதாக அரைக்கிறார்கள். அதனால் சோற்றுக்குச் செந்நிறம் ஏறுகிறது. பொடி போட்ட நெடி இருப்பதில்லை. எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய். பிறகு இஞ்சியும் பூண்டும். பூண்டின் பச்சை வாசம் போவதற்கு முன் கறியைப் போட்டால் கடைசிவரை அந்த வாசம் நிற்கும் என்பதால் இங்கே அவசரப்படுவதில்லை. கறி, மிளகாய் விழுது, வெங்காயம், தக்காளி, புதினா, கொத்தமல்லி, தயிர் என்று ஒவ்வொன்றாக இறங்கி, கறி தன் நீரிலேயே வேகத் தொடங்குகிறது. அரிசியை வேறு பாத்திரத்தில் அரைவேக்காடாக வடித்து அதில் கொட்டிக் கிளறி மூடுகிறார்கள். அடியில் எரிந்த விறகை இழுத்துவிட்டு, அந்தத் தணலை அள்ளி மூடியின்மேல் பரப்புகிறார்கள். மேலும் கீழும் ஒரே சீரான சூடு. தம் உடையும்போது ஓரத்திலிருந்து தட்டையான கரண்டியால் சரித்து எடுக்க வேண்டும். நடுவில் குத்தினால் சோறு நொறுங்கும்.

அரிசிக்குச் சமமான எடையில் கறி சேர்ப்பதைத்தான் ஆம்பூர்க்காரர்கள் கைவிடக்கூடாத விதியாகச் சொல்கிறார்கள். தொட்டுக்கொள்ளப் புளி சேர்த்த கத்திரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். கொழுப்பேறிய சோற்றுக்கு அந்தப் புளிப்பு அவசியம். அது இல்லாமல் இரண்டாவது கவளமே திகட்டும்.

ஸ்டேக் விடுதியில் விருந்தினர் தன் துண்டைத் தேர்ந்தெடுக்கிறார், எந்தப் பதத்தில் வேண்டும் என்று சொல்கிறார், அதற்கென்று பணம் கொடுக்கிறார். பிரியாணிக் கடையில் தேக்சாவுக்குப் பதம் ஒன்றுதான். தோல் முதலாளிக்கும் அவர் டேனரியில் நனைந்த தோலைத் தூக்கிப் போடும் தொழிலாளிக்கும் ஒரே கரண்டியிலிருந்து விழுகிறது. கடையில் ஏசி அறை தனியாக இருக்கலாம். அங்கும் போவது அதே சோறுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே ஆம்பூர்க் கடையைத் தங்கத்தாள் ஒட்டிய ஸ்டேக்கைவிட உயர்ந்த விருந்தாகக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டின் இன்னொரு பிரியாணி நகரமான திண்டுக்கல்லும் தோல் பதனிட்ட ஊர். அங்கே 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்தான் பிற்காலத்துத் தலப்பாகட்டி. பிரியாணிக்கும் தோல் வணிகத்துக்கும் உள்ள இந்த உறவு தனியே ஆராயத் தக்கது.

மாட்டுக்கறியின் இடம்

பெயர் பெற்ற ஆம்பூர் பிரியாணி ஆட்டுக்கறியில் ஆனது. ஆனால் தோல் வட்டாரத்தில் நாள்தோறும் உழைப்பவர்கள் உண்பதில் பெரும்பங்கு மாட்டுக்கறி. டேனரித் தொழிலாளரில் மிகப் பலர் தலித்துகள். முதலாளிகளில் மிகப் பலர் முஸ்லிம்கள். இரு சாராருக்கும் பொதுவான கறி அது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வண்டிக்கடைகளில் பீஃப் பிரியாணியும் சில்லி பீஃபும் சீக் கபாபும் விற்கும். கொத்திய கறியைக் கம்பியில் பிடித்து வாட்டும் கபாபும் முதிர்ந்த கறிக்குக் கண்டுபிடித்த வழிதான்: பல்லின் வேலையைக் கத்தி முன்கூட்டியே செய்துவிடுகிறது. குடல், ஈரல், நல்லி எலும்பு எதுவும் வீணாவதில்லை. மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து உப்புக்கண்டமாக்குவது சேரிகளில் நெடுநாள் வழக்கம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் புரதத்தைச் சேமித்த முறை அது.

இந்தக் கறிக்கு அரசு மேடையில் இடமுண்டா என்ற கேள்வி 2022 மே மாதம் எழுந்தது. ஆம்பூர் பிரியாணிக்குப் புவிசார் குறியீடு பெறும் முயற்சியை ஒட்டி, திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் அரங்கு இல்லை. விடுதலைச் சிறுத்தைகள் கட்சியும் முஸ்லிம் அமைப்புகளும் எதிர்த்தன. விழாத் திடலுக்கு வெளியே பீஃப் பிரியாணி இலவசமாக வழங்குவோம் என்ற அறிவிப்பும் வந்தது. மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. மாட்டுக்கறியை ஒதுக்கியது சாதி அடிப்படையிலான பாகுபாடு ஆகாதா என்று விளக்கம் கேட்டு மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்குக் கடிதம் அனுப்பியது. மாட்டுத் தோலை உலகச் சந்தைக்கு அனுப்பிப் பெருமைப்படும் வட்டாரத்தில், அந்த மாட்டின் கறியை மட்டும் விழாவுக்கு வெளியே நிறுத்தியது தவறு. ஆணையத்தின் கேள்வி நியாயமானது.

மதுவும் இரவும்

இரவு விடுதிச் சாயலுக்கு உயிர் மது விற்பனை. தமிழ்நாட்டில் சில்லறை மது வணிகம் 2003 நவம்பர் முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில் இருக்கிறது. அமர்ந்து குடிக்கும் கூடத்துக்கான உரிமம் கிளப்புகளுக்கும் தங்கும் அறைகள் கொண்ட நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிடைக்குமே தவிர, தனி உணவகத்துக்குக் கிடைக்காது. ஆகவே ஸ்டேக்கும் டிஜேயும் மதுவும் ஒரே கூரையின்கீழ் வேண்டுமென்றால் அது பெரிய ஓட்டல்களில்தான் முடியும். ஆம்பூர், வாணியம்பாடியில் கடை நடத்துபவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள் என்பதால் மது விற்கும் எண்ணமே அவர்களுக்கு எழுவதில்லை. இங்கே கறிக் கடைகள் இரவெல்லாம் விழித்திருப்பது ரமலான் மாதத்தில்.

பெங்களூர்

ஸ்டேக் சாப்பிட ஆசைப்படும் வேலூர், ஆம்பூர் இளைஞர்களுக்குப் பக்கத்து நகரம் பெங்களூர். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை இந்த வட்டாரத்தின் நடுவே செல்கிறது. பெங்களூரின் மியூசியம் சாலையில் உள்ள, பல பத்தாண்டுகளாக நடக்கும் தி ஒன்லி பிளேஸ் போன்ற உணவகங்கள் ஸ்டேக்கைத் தென்னிந்திய நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகப்படுத்தின. ஆனால் கர்நாடகம் 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் பசு, காளை, எருது அனைத்தையும் அறுக்கத் தடை விதித்தது. பதின்மூன்று வயதைக் கடந்த எருமைக்கு மட்டும் விலக்கு.

அந்த வயது எருமையிலும் வாட்டி உண்ணத் தக்க பகுதி ஒன்று உண்டு. முதுகெலும்பின் அடியில் இருபுறமும் ஓடும் தசை அது. நடக்கவும் இழுக்கவும் அதற்கு அதிக வேலை இல்லாததால் வயதானாலும் இளகியே இருக்கும். கறிக்கடைக்காரர்கள் அதை அண்டர்கட் என்பார்கள். இந்திய உணவகங்களில் ஸ்டேக் என்று வருவது பெரும்பாலும் இதுதான். ஒரு மாட்டுக்கு இரண்டு கீற்றுதான் கிடைக்கும் என்பதால் ஓட்டல்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கிப்போகிறார்கள். தொடையும் தோளும் விலாவும் தேக்சாவுக்கும் கபாப் கம்பிக்கும் போகின்றன.