கட்டை மாறும், அலை அறாது

வானொலிப் பொறியியலில் ‘சி.பி.எஃப்.எஸ்.கே.’ என்று ஒரு குறுக்கம் புழங்குகிறது. விரித்தால் ‘கன்டினியூவஸ் ஃபேஸ் ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட் கீயிங்’. 0, 1 என்ற இரண்டையும் இரண்டு அதிர்வெண்களாக்கி அனுப்பும்போது, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடத்தில் அலை அறுபடாமல் பார்த்துக்கொள்ளும் முறை இது. பெயரின் வாலைப் பாருங்கள்: ‘கீயிங்’. விரலால் அமுக்கி மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிற வேலை. தலையிலோ, வெட்டே கூடாது என்ற கட்டளை. இப்படி ஒன்றையொன்று மறுக்கும் சொற்கள் ஒரே பெயரில் குடியேறியது எப்படி?

முதலில் ‘கீ’. மோர்ஸின் 1837-ஆம் ஆண்டுத் தந்திக் கருவியில் அது கிடையாது. அச்சுக் கோப்பதுபோல் உலோகப் பற்களை வரிசையாக அடுக்கி, அந்தச் சட்டத்தை நகர்த்தித்தான் செய்தி அனுப்பினார். 1844 மே 24 அன்று வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி ஓடியபோது, அவருடைய கூட்டாளி ஆல்ஃபிரட் வெயில் அமைத்த, விரலால் அமுக்கும் நெம்புகோல் வந்துவிட்டது. ஆர்கனிலும் பியானோவிலும் விரல் படும் நெம்புகோலுக்கு ‘கீ’ என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. தந்திக் கருவிக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. லத்தீனில் பூட்டுத் திறப்பதற்கும் இசைக் கட்டைக்கும் ‘கிளாவிஸ்’ என்ற ஒரே சொல்தான். அது போர்த்துகீசியத்தில் ‘ஷாவ்’ ஆகி, கப்பலேறி வந்து நமக்குச் ‘சாவி’ ஆனது.

ஆனால் நாம் சாவியைக் கதவோடு நிறுத்திக்கொண்டோம். தந்திக்கு ‘அடி’ என்ற வினை போதுமாக இருந்தது. தந்தி அடித்தோம், டைப் அடித்தோம், பிறகு போனும் அடித்தோம். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. ‘அடி’ மட்டும் ஓய்வு பெறவில்லை. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் விசை, திறவு என்று எதையாவது தேடிக்கொண்டிருக்க, ‘கீயிங்’ என்பதற்குக் கச்சிதமாகப் பொருந்தும் வினை இத்தனை காலமும் தெருவில் கிடந்தது என்பது என் கருத்து. இன்னொன்றும் உண்டு. ஆர்மோனியத்தின் ‘கீ’ தமிழில் கட்டை. பாடகரின் சுருதியையும் ‘நாலரைக் கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்றே அளக்கிறோம். அமுக்குகிற பொருளின் பெயரே அதிர்வெண்ணின் அளவாகிவிட்ட மொழியில், ‘ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட் கீயிங்’ என்பதைக் ‘கட்டை மாற்றி அடித்தல்’ என்றால் கச்சேரிக்குப் போகிறவருக்கு உடனே விளங்கும். பாடநூலில் யாரும் போடமாட்டார்கள், அது வேறு விஷயம்.

கட்டை மாற்றி அடிக்க வேண்டிய கட்டாயம் வந்தது ஒரு நெருப்பால். டென்மார்க்கின் வால்டெமர் பௌல்சன் 1903-இல், ஹைட்ரஜன் சூழ்ந்த கூண்டுக்குள் காந்தப்புலத்தில் எரியும் மின்வில்லைக் கொண்டு தொடர் அலை உண்டாக்கினார். கலிஃபோர்னியாவின் ஃபெடரல் டெலிகிராஃப் கம்பெனி அதைப் பெரிதாக்கி, அமெரிக்கக் கடற்படைக்கும் கொடுத்தது. வில்லை ஒவ்வொரு புள்ளிக்கும் அணைத்து ஏற்ற முடியாது. அணைந்தால் மறுபடி நிலைகொள்ள நேரம் பிடிக்கும். அதனால் வில்லை எரிய விட்டுவிட்டு, ஆன்டெனாச் சுருளின் சில சுற்றுகளை மட்டும் கீயால் குறுக்கிணைத்தார்கள். கீ அமுங்கினால் ஓர் அதிர்வெண், எழுந்தால் சற்றுத் தள்ளி இன்னொன்று. செய்தி முதலாவதில் போனது. இரண்டாவதற்கு ‘ஈட்டு அலை’ என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார்கள். ஒரு நிலையம் இரண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறதே என்று மற்றவர்கள் எரிச்சல்பட்ட முறை அது.

தொலைதட்டச்சு வந்ததும் வீணாய்ப் போன அந்த இரண்டாவது அலைக்கு வேலை கிடைத்தது: ஒன்று ‘மார்க்’, மற்றது ‘ஸ்பேஸ்’. இந்தப் பெயர்களும் மோர்ஸ் காலத்துக் காகித நாடாவிலிருந்து வந்தவை. மின்சாரம் ஓடினால் முள் நாடாவில் தடம் பதிக்கும், ஓடாவிட்டால் வெற்றிடம். நாடா போய் எவ்வளவோ காலமாகியும், ‘ரிட்டி’ என்று செல்லமாக அழைக்கப்படும் வானொலித் தட்டச்சில் ‘ஹாம்’ என்னும் பொழுதுபோக்கு வானொலியாளர்கள் இன்றும் 170 ஹெர்ட்ஸ் இடைவெளியில் தடத்தையும் வெற்றிடத்தையும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி ‘கன்டினியூவஸ்’. இரண்டு அதிர்வெண் வேண்டும் என்றால் இரண்டு அலையியற்றிகளை ஓடவிட்டு, நடுவில் ஒரு சுவிட்ச் வைப்பது எளிதான வழி. சிக்கல் என்னவென்றால் இரண்டும் தம்போக்கில் ஓடுகின்றன. சுவிட்ச் மாறும் நொடியில் ஒன்று மேட்டில் இருக்கும், மற்றது பள்ளத்தில். அலை திடீரென்று தாவும். அந்தத் தாவல் ‘கிளிக்’ என்று பக்கத்து அலைவரிசைக்காரர் காதில் விழும். தாவல் உள்ள அலையில் பக்கத்தில் சிதறும் திறன், அதிர்வெண்ணில் விலகும் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தாவல் இல்லாததில் நான்மடிக்கு. பத்து மடங்கு தள்ளிப் போனால் முதலாவது நூறில் ஒரு பங்காகும், இரண்டாவது பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். மருந்து: ஒரே அலையியற்றி, அதன் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைப்பது.

பழைய பெல் 202 மோடத்தை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 1200 பிட். 1 என்றால் 1200 ஹெர்ட்ஸ், 0 என்றால் 2200. ஒரு 1-க்குள் அலை சரியாக ஒரு சுற்று முடித்துத் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். 0-க்குள் ஒன்றே முக்காலுக்குச் சற்று மேல், 1.83 சுற்று ஓடி, 300 பாகையில் நிற்கும். அடுத்த பிட் எதுவானாலும் சுழியிலிருந்து அல்ல, அந்த 300 பாகையிலிருந்தே புறப்பட வேண்டும். விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்வதுதான் மொத்த வித்தையும். 1975-இல் வீட்டுக் கணினிகளுக்காகக் கேசட்டில் தரவு பதிய அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் கூடி வகுத்த முறையில் இந்த நினைவுகூட வேண்டியதில்லை: 0-க்கு 1200 ஹெர்ட்ஸில் 4 முழுச் சுற்று, 1-க்கு 2400-இல் 8 முழுச் சுற்று. எப்போதும் சுழியில் முடிந்து சுழியில் தொடங்கும்.

நடுவில் நிற்கும் ‘ஃபேஸ்’ நம்மிடம் வந்து பிளவுபட்டுவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது ‘கட்டம்’, இலங்கைப் பாடநூலில் ‘அவத்தை’. ஃப்ரீக்வென்சி இங்கே அதிர்வெண், அங்கே மீடிறன். எலக்ட்ரீஷியனுக்கு இரண்டும் வேண்டாம். “ஒரு ஃபேஸ் போயிடுச்சு சார்” என்று முடித்துவிடுவார்.

இரண்டு அதிர்வெண்களையும் எவ்வளவு நெருக்கலாம் என்பது அடுத்த கேள்வி. காலின்ஸ் ரேடியோவைச் சேர்ந்த டோல்ஸ், ஹீல்ட் இருவரும் 1961-இல் காப்புரிமை பெற்ற முறை விடை சொன்னது: பிட் வேகத்தில் பாதி. அதற்கு மேல் நெருக்கினால் பெறுபவருக்கு ஒன்றோடொன்று குழம்பும். அந்த இடைவெளியில், நடு அதிர்வெண்ணோடு ஒப்பிட்டால், ஒரு 1-க்குள் அலை 90 பாகை முந்தும், ஒரு 0-க்குள் 90 பாகை பிந்தும். பெயர் ‘மினிமம் ஷிஃப்ட் கீயிங்’. கனடாவின் டி புடா 1972-இல் இதையே ‘ஃபாஸ்ட் எஃப்.எஸ்.கே.’ என்றார், அந்தப் பெயர் நிற்கவில்லை. வேகத்தைவிடச் சிக்கனத்தைச் சொன்ன பெயரே பிழைத்தது.

சிக்கனம் உயிர்ப்பிரச்சினையாகும் இடம், நீர்மூழ்கிகளுடன் பேசும் மிகத் தாழ் அதிர்வெண் நிலையங்கள். திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் அந்த வகை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கட்லர் நிலையம் ஒலிபரப்பும் 24 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 கிலோமீட்டர். எவ்வளவு உயரக் கோபுரம் எழுப்பினாலும் அந்த அலைக்கு அது குட்டைதான்; அதனால் ஆன்டெனா மிகக் குறுகிய பட்டையில் மட்டுமே இசையும். கட்லர் நொடிக்கு 200 பிட் அனுப்புகிறது; இரண்டு அதிர்வெண்களுக்கும் இடைவெளி வெறும் 100 ஹெர்ட்ஸ்.

கைப்பேசி இதை இன்னும் வழுவழுப்பாக்கியது. ஜப்பானின் முரோடாவும் ஹிராடேயும் 1981-இல், பிட்களை முதலில் காஸ் வடிகட்டியில் விட்டு முனைகளை மழுக்கி, அதன்பின் அதிர்வெண்ணை அசைக்கச் சொன்னார்கள். ஜி.எஸ்.எம். அதை எடுத்துக்கொண்டது: 200 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் நொடிக்கு 270.833 கிலோபிட். அலையின் உயரம் கூடுவதும் குறைவதும் இல்லை என்பதால் பெருக்கியை முழு மூச்சில் ஓட்டலாம். பேட்டரி நாள் முழுதும் தாங்கியதில் இதற்கும் பங்குண்டு.

இன்று இந்தக் குடும்பத்தில் அதிகம் புழங்குவது புளூடூத்தின் ஜி.எஃப்.எஸ்.கே.; ‘ஜி’ அதே காஸ் வடிகட்டிக்கு. 2010-இல் வந்த அதன் குறைமின் வகையில் இடைவெளி, பிட் வேகத்தின் 0.45-இலிருந்து 0.55 வரை இருக்கலாம். டோல்ஸும் ஹீல்டும் சொன்ன பாதியேதான். முனை மழுங்கிய பிட்கள் ஒரே அலையியற்றியை அசைப்பதால் தாவலுக்கே வழியில்லை. அதனால்தானோ என்னவோ, ‘கன்டினியூவஸ் ஃபேஸ்’ என்பது பெயரில் இல்லை. கடைசியில் நிற்கும் ‘கே’யை யாரும் தொடவில்லை.