இழையமும் திசுவும்

உடற்கூற்றியலின் அடிப்படைச் சொல்லொன்று தறியிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் 'டிஷ்யூ' என்பது ஈரசைச் சொல். அழுத்தம் முதலசையில் விழும். நெய்தலைக் குறிக்கும் லத்தீன வினையில் வேர்கொண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தபோது அதன் பொருள் உயர்ந்த துணி என்பதே. பிரெஞ்சு மருத்துவர் பிஷா, 1800இல், நுண்ணோக்கியின் துணையின்றியே உடலை 21 வகை நெசவுகளாகப் பகுத்தார். அதுமுதல் துணியின் பெயர் தசைக்கும் ஆயிற்று.

1819இல் ஜெர்மானியரான மேயர் 'ஹிஸ்டாலஜி' என்ற துறைப்பெயரைப் படைத்தார். 'ஹிஸ்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் தறி, தறியில் விரிந்த துணி. இச்சொல்லின் நான்கு அசைகளில் அழுத்தம் இரண்டாவதான 'டா'வில் நிற்கும். 'பயாலஜி', 'பிசியாலஜி' ஆகியவற்றிலும் 'லஜி'க்கு முந்தைய அசையே அழுத்தம் பெறுவதைக் காணலாம்.

தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. குறிலும் நெடிலுமே மாற்றும். 'டிஷ்யூ' இங்கு வந்தபோது நெடிலை இழந்து 'திசு' என ஒரே நிரையசையாகச் சுருங்கியது. அசையோடு நெசவும் உதிர்ந்தது.

ஈழத்தில் வேறு வழி கண்டனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, கலைச்சொற்களை ஆக்கினார். அம்மரபு தழைத்த மண்ணின் பாடநூல்கள் பிற்காலத்தில் 'இழையம்' என்றன. இழை, அம் என்னும் இரு உறுப்புகள், பொருள் வெளிப்படை.

திருப்பூரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இழை என்பது அங்கே அன்றாடச் சொல். நெசவில் பாவும் ஊடையும் குறுக்கிடும். பின்னலிலோ நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு செல்லும். உடற்கூற்றியல் இந்த வேறுபாட்டையும் அறியும்: நரம்புகள் ஒன்றோடொன்று பிணைந்த அமைப்பை 'நரம்புப் பின்னல்' என்கிறோம். அதன் லத்தீனப் பெயரான 'பிளெக்ஸஸ்' என்பதற்கும் பின்னல் என்றே பொருள்.

இரவல் சொல் இழிவென்று நாம் வாதிடவில்லை. 'பனியன்' வணிகரைக் குறித்த இந்தியச் சொல்லிலிருந்து கிளைத்து, ஆங்கிலேயர் நாவில் புழங்கியது. இன்று அதைத் திருப்பூரிடமிருந்து யாரும் பிரிக்க முடியாது. கையில் புழங்கும் பொருள் சொல்லைச் சொந்தமாக்கிவிடுகிறது. 'திசு'வுக்கு அந்த வாய்ப்பில்லை. அது வகுப்பறையில் மட்டுமே வாழ்கிறது. பனியன் கம்பெனியில் உழைப்பவரின் பிள்ளை அதை வெற்றொலியாக மனப்பாடம் செய்கிறது. பக்கத்தில் 'இழையம்' என ஒருமுறை எழுதிக் காட்டினால், பெற்றோரின் தொழிலே தன் உடலுக்கு விளக்கம் என்பதை அப்பிள்ளை தானே கண்டுகொள்ளும்.